நானோ மஞ்சளை மருந்தாகவே நடத்துங்கள்

இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அவர்களுக்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாருக்கும் வணக்கம்.

ஈரோட்டில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர் எழுதுகிறேன். சிக்குன்குனியா வந்துபோன வீடுகளிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் மூட்டு வலிக்குத்தான் வழி கேட்கிறார்கள். காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறது. விரல் கணுக்களும் கணுக்காலும் சிலருக்கு மாதக்கணக்கில் வீங்கிக் கிடக்கின்றன. ரத்தத்தில் வைரஸ் மறைந்த பிறகும் அது கிளப்பிவிட்ட அழற்சி அடங்குவதில்லை. வலி மாத்திரையை நெடுநாள் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

அப்படி வருகிறவர்கள் கையில் இப்போது ஒரு டப்பா. முன்பக்கம் பொன்னிற எழுத்தில் ‘நானோ குர்குமின்’, அதாவது மிக நுண்ணிய துகளாக்கிய, மஞ்சளின் நிறச்சத்து. பின்பக்கம், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’. உணவு உரிமத்தில் விற்கும் சத்து மாத்திரைக்கு அந்த வரி கட்டாயம். வாங்குகிறவர் மருந்தென்று நம்பி வாங்குகிறார். சட்டமோ அதைச் சோற்றுக் கணக்கில் வைத்திருக்கிறது.

மஞ்சளைக் குறைசொல்ல வரவில்லை (ஈரோட்டில் இருந்துகொண்டு அது முடியுமா?). குர்குமின் அழற்சியைத் தணிப்பது ஆய்வுக்கூடங்களில் பலமுறை தெரிந்ததுதான். ஆனால் அது நீரில் கரையாது. குடலும் கல்லீரலும் உடனே உருமாற்றிக் கழித்துவிடும். ரத்தத்தில் சேர்வது சொற்பம். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 2 கிராம் குர்குமினுடன் மிளகின் காரச்சத்தான பைபரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேரும் அளவு 2,000 சதவீதம் கூடியது. நானோ துகள் வேறு வழியில் அதையே செய்கிறது. ஈரானில் 2020இல் கொரோனா நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 160 மில்லிகிராம் நானோ குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 என்ற புரதம் ரத்தத்தில் குறைந்தது. மருந்து பெற்றவர்கள் 20 பேர்தான்.

ரத்தத்தில் அதிகம் ஏறுகிற பொருளுக்குத் தீங்கு செய்யும் வலுவும் கூடும். 2019இல் இத்தாலியில் மஞ்சள் சத்து மாத்திரை சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டது. அமெரிக்காவில் குர்குமின் கலந்த ஊசிமருந்தை நரம்பில் ஏற்றிக்கொண்ட ஒருவர் இறந்தார். அதைக் கரைக்கச் சேர்த்த ஆமணக்கெண்ணெய் சார்ந்த பொருளில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு கலந்திருந்ததை அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் வெளியிட்டது. சுமக்கும் பொருளையும் சோதித்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? நோயின் எந்தக் கட்டத்தில் கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்: 2020இல் பிரிட்டனில் டெக்சாமெத்தசோன் என்ற அழற்சி தணிக்கும் மருந்து, கொரோனா நோயாளிகளில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் தரவில்லை.

நானோ மருந்துகளை மதிப்பிட 2019இல் வழிகாட்டுதல்கள் வந்துவிட்டன. டப்பாவில் உணவு என்று அச்சடித்தவரை அவை தொடுவதில்லை. ‘நானோ’ என்று போட்டு வைரஸ், அழற்சி என்று விளம்பரம் செய்யும் எதையும் மருந்துச் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். கூடவே, சிக்குன்குனியா மூட்டு வலிக்கு நானோ குர்குமின் உதவுகிறதா என்று அரசு செலவில், மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, முறையாகச் சோதியுங்கள். மஞ்சளுக்கான அமெரிக்கக் காப்புரிமையை எதிர்த்து 1997இல் ரத்து செய்யவைத்த நாட்டுக்கு இந்தச் செலவு பெரிதில்லை. கல்லீரல் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களைத் தனியே கவனியுங்கள். முடிவு மஞ்சளுக்கு எதிராக வந்தாலும் வெளியிடுங்கள். அச்செடுத்து என் கவுன்டரில் ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர், ஈரோடு