கேள்விகளை எழுதும்போதே தொழிலாளர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

தமிழ்நாடு பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கும், புலம்பெயர் தொழிலாளர்களின் உடல்நலம் குறித்து ஆய்வு நடத்தும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் உடல்நலக் கணக்கெடுப்புகளுக்காகக் களப்பணி செய்தவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். ஓர் ஆய்வில் என்னென்ன கேட்க வேண்டும், கிடைக்கும் விடைகளைக் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் கட்டத்திலேயே, அந்த ஆய்வு யாரைப் பற்றியதோ அந்தத் தொழிலாளர்களுக்கும் முடிவெடுக்கும் உரிமை தரப்பட வேண்டும்.

இச்சூளைகளுக்கு வருவோரில் பெரும்பாலோர் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா போன்ற மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். நுவாகாய் என்னும் அறுவடைப் பண்டிகையையொட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு, மழை ஓய்ந்ததும் குடும்பமாகப் புறப்பட்டு வந்து, ஜூன் மாத வாக்கில் ஊர் திரும்புகிறார்கள். கணவன், மனைவி, கூட ஒருவர் என்று குடும்பமே ஓர் அலகாகக் கல் அறுக்கிறது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. ஒருவர் மருத்துவமனைக்குப் போனால் மற்றவர்களின் வேலையும் நின்றுபோகிறது, வாங்கிய முன்பணத்தின் பாக்கியோ அப்படியே நிற்கிறது. “உடல்நலம் குன்றியபோது ஏன் மருத்துவமனைக்குச் செல்லவில்லை?” என்று நாங்கள் கேட்ட கேள்விக்குத் தூரம், செலவு, பயம், விழிப்புணர்வின்மை என்று விடைகள் அச்சிடப்பட்டிருந்தன, இந்தக் காரணத்திற்கு அங்கே இடமே இல்லை. கல் அறுக்கும் ஒரு பெண்ணிடம் அந்தத் தாளை முன்கூட்டியே வாசித்துக் காட்டியிருந்தால், எதை விட்டுவிட்டோம் என்பதை அவரே சொல்லியிருப்பார்.

மொழியிலும் இதே குறைதான். அவர்கள் வீட்டில் பேசுவது சம்பல்புரி. நாங்கள் கொண்டுபோனதோ இந்தியில் பெயர்க்கப்பட்ட தாள். அதனால் முன்பணம் கொடுத்து ஆட்களைக் கூட்டி வந்த தரகரான சர்தாரே மொழிபெயர்ப்பாளராகிவிடுவார். இரண்டு வாரமாக இருமிக்கொண்டிருந்த ஒருவர், முதலில் சர்தாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, தமக்கு எந்த நோயும் இல்லை என்று தலையசைத்தார். அந்தத் தலையசைப்பும் ஒரு தரவாகப் பதிவாயிற்று. அவருக்கு ஒப்புதல் படிவம் படித்துக் காட்டப்பட்டது உண்மை. ஆயினும் தமக்குக் கடன் கொடுத்தவர் பக்கத்தில் நிற்கும்போது ஒருவர் தரும் சம்மதத்தைச் சம்மதம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

சர்தார் சற்றே விலகிப் போயிருந்த நேரத்தில் இளந்தாய் ஒருவர், இங்கே குழந்தைக்குப் போட்ட தடுப்பூசிக்கான அட்டையை ஊர் அங்கன்வாடியில் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டார். எங்கள் தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஆய்வுக்கு உரிய கேள்வி அதுதான். காசநோய்க்கும் இது பொருந்தும். வழக்கமான சிகிச்சைக்குக் குறைந்தது ஆறு மாதம் வேண்டும். பிப்ரவரியில் மாத்திரை தொடங்கிய சூளைத் தொழிலாளி, அது முடிவதற்குள் ரயில் ஏறிவிடுவார். காசநோயாளிகளுக்கான அரசின் இணையப் பதிவான நிக்ஷய் நாடு முழுவதும் செல்லும் என்றாலும், ரயிலிலிருந்து இறங்கிய பிறகு அடுத்த மாத மாத்திரையை யாரிடம் போய்க் கேட்பது என்ற இடத்தில்தான் சங்கிலி அறுகிறது. எங்கே, எதனால் அறுகிறது என்பதை அந்த வழியில் போய்வந்தவர்களே நன்கு அறிவார்கள்.

நோயுற்றோரைப் பங்காளிகளாக ஏற்பது நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. எச்ஐவியோடு வாழ்வோரின் அகில இந்திய அமைப்பு 1997-இல் சென்னையில்தான் தொடங்கியது. அத்தகைய அமைப்புகள் சிகிச்சையையும் கொள்கையையும் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகு, அந்நோய் குறித்து அரசு பேசும் முறையே மாறியது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் அந்தந்தப் பகுதிப் பெண்களையே தன்னார்வலர்களாகக் கொண்டு வீடு வீடாகச் செல்கிறது. திருப்பூரில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்களின் பெண்களை அப்பணிக்குத் தேர்ந்தெடுத்தால், அவர்களின் குடியிருப்புகளிலும் கதவுகள் இன்னும் எளிதாகத் திறக்கும் என்று நம்புகிறேன்.

ஆகவே, ஒவ்வோர் ஆய்வுக்கும் தொழிலாளர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் ஒரு குழு இருக்க வேண்டும். அதில் உரிமையாளரோ சர்தாரோ அவர்களின் ஆட்களோ இடம்பெறக் கூடாது. குழுவுக்கு வருவோர் இழக்கும் கூலியை, அவர்களுடைய அலகு முழுவதற்கும் கணக்கிட்டு, ஆய்வுச் செலவிலேயே சேர்க்க வேண்டும். பேசியதற்காக எவரும் வேலையிழக்கவோ மிரட்டப்படவோ நேர்ந்தால் துறை தலையிடும் என்ற எழுத்துப்பூர்வ உறுதி இல்லாமல் அவர்களை அழைப்பது நியாயமாகாது. எல்லாவற்றிலும் இதையே முதன்மையானதாகக் கருதுகிறேன். முடிவுகளை அறிக்கையாக அச்சிடுவதற்கு முன்பு, அவர்கள் ஊர் திரும்புவதற்குள், சூளையிலேயே அவர்கள் மொழியில் சொல்லி, தவறானதைத் திருத்த வாய்ப்புத் தர வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் சமூகத்தினரின் பங்கேற்பை வலியுறுத்துகின்றன. ஆய்வுத் திட்டங்களுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்கள் இதை ஒரு சடங்காகக் கொள்ளாமல், பங்கேற்புக்கு இடமளிக்காத ஆய்வுத் திட்டங்களைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களை எப்படிக் குழுவில் வைப்பது என்று கேட்கலாம். ஆண்டுதோறும் இதே மாவட்டத்துக்குத் திரும்பி வரும் குடும்பங்கள் பல. அவர்களிடம் கைபேசியும் இருக்கிறது. இருக்க மாட்டார்கள் என்று நாமே முடிவு செய்துகொண்டு, இருக்கும் ஆறேழு மாதத்திலும் அவர்களைக் கேட்காமல் விடுவதற்குத்தான் காரணம் சொல்ல முடியாது.

அடுத்த பருவத்துக்கான ஆய்வுத் திட்டங்கள் ஒப்புதலுக்கு வருவதற்கு முன்பாக, சூளைத் தொழிலாளர்களுடன் திருவள்ளூரில் ஒரு கூட்டத்தை, வேலை இல்லாத நேரத்தில், கூட்ட வேண்டுகிறேன். சம்பல்புரி அறிந்த மொழிபெயர்ப்பாளர்களை அழைத்துவர நானும் உடன் பணியாற்றிய நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
களப்பணியாளர் ஒருவர்,
திருவள்ளூர் மாவட்டம்