பழைய அலுமாரி மணக்கும் லத்தூர்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நீர் அனுப்பிய குரல்பதிவை வேலை முடிந்து கடைசி மெத்ரோவில் வரும்போதுதான் கேட்டேன். “அண்ணை, லத்தூர் 1970 திறந்தவை. மேசையில எல்லாரும் ஆஹா ஓஹோ எண்டினம். எனக்குப் பழைய அலுமாரி மணந்தான் வந்தது. என்ர மூக்கில ஏதும் பிழையோ?” பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன். வாட்ஸப்பில் நாலு வரியில் பதில் தட்டிவிடலாம் என்று பார்த்தால் விஷயம் நீளுகிறது. குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி வைன் பரிமாறும் பக்கம் வந்த எங்கள் பிள்ளைகள் வேறு சிலரும் இதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லோரும் வாசிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு: லத்தூர் என்பது பிரான்சின் பொர்தோப் பக்கம், போயாக் என்ற ஊரில் இருக்கிற பெயர்பெற்ற வைன் தோட்டம் (வைன் செய்பவர்களை ‘வீடு’ என்போம்), 1970 அந்த வைன் செய்த வருடம். உம்முடைய பெயரோ உணவகத்தின் பெயரோ வராது, பயப்பட வேண்டாம்.

முதலில் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். எந்த அலுமாரி? காய்ந்த அலுமாரியா, ஈரம் பிடித்த அலுமாரியா?

காய்ந்தது என்றால் உம்முடைய மூக்குக்கு ஒரு பிழையும் இல்லை. போயாக் பக்கத்து வைன் நல்லபடியாக முதிர்ந்தால் தேவதாரு மரம், சீவிய பென்சில், சுருட்டுப் பெட்டி என்று இந்தத் திசையில்தான் போகும். எங்கள் ஊரில் புகையிலையை உலர்த்திக் கட்டித் தொங்கவிட்ட கொட்டிலுக்குள் தலையை நீட்டினால் இனிப்பும் காரமுமாக ஒரு மணம் வருமே, கிட்டத்தட்ட அதுதான். பாரிஸ்காரர் சுருட்டுப் பெட்டியைச் சொல்லுவார்கள், நீர் கொட்டிலைச் சொல்லலாம். மேசையில் இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் காசு கொடுப்பது அந்த மணத்துக்குத்தான்.

ஈரம் என்றால் கதை வேறு. நனைந்த அட்டைப்பெட்டி, பிழியாமல் மூலையில் எறிந்த துணி, வெயில் படாத நிலவறை என்று மணந்திருந்தால் அது தக்கைக் கோளாறு. தக்கை மரத்தில் வாழும் பூஞ்சணம் குளோரின் கலந்த சில சேர்மங்களை மாற்றி டி.சி.ஏ. என்ற பொருளை உண்டாக்குகிறது. ஒரு லீட்டரில் சில நானோகிராம் இருந்தாலே பலருடைய மூக்குக்குப் பிடிபட்டுவிடும். அதைவிடக் குறைவாக இருந்தால்தான் உண்மையான தொல்லை. மணமாகத் தெரியாது, ஆனால் பழத்தின் மணத்தையும் சுவையையும் அமுக்கிவிடும். குடிப்பவர் ‘சரி, வயது போய்விட்டது’ என்று நினைத்துக்கொண்டு விழுங்குவார். 1970 இல் செய்த வைன் என்றால் எல்லாப் பழியையும் வயதின் மேல் போடுவது மிகவும் வசதி.

இரண்டையும் பிரித்துப் பார்க்க நேரம் போதும், வேறு கருவி வேண்டாம். ஐம்பது வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்த போத்தலைத் திறந்தவுடன் ஒரு முடை வாடை வருவது வழமை. கிளாஸில் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் அது கலைந்துவிடும். அடியில் இருக்கும் பழம், மரம், புகையிலை எல்லாம் மெல்ல மேலே வரும். டி.சி.ஏ. கலையாது. காற்றுப் பட இன்னும் தெளிவாகத் தெரியும். ஆகவே, நீர் மணந்து பார்த்தது எந்த நிமிடத்தில்? ஊற்றின உடனேயா, அல்லது மேசை துடைக்கும்போது கிளாஸில் மிஞ்சியதையா? குரல்பதிவில் அதைச் சொல்லவில்லை.

இனி அந்த ‘ஆஹா’வைப் பற்றி. அவர்கள் நடித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பொர்தோ பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடெரிக் ப்ரோஷே செய்த ஆய்வு ஒன்று 2001 இல் வந்தது. வைன் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை வைனில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள். அவரே செய்த இன்னொரு சோதனையில் ஒரே வைன் ஒரு தடவை பெரிய வீட்டுப் போத்தலிலும் இன்னொரு தடவை சாதாரண மேசை வைன் போத்தலிலும் வந்தது. முதலாவதற்குப் புகழாரம், இரண்டாவதற்குக் குறை. மூக்குக்கு முந்திக் கண் தீர்ப்பை எழுதிவிடுகிறது. அந்த மேசையில் லேபலில் கோபுரமும் அதன் மேல் சிங்கமும் நிற்கும்போது ‘எனக்கு ஒன்றும் வரவில்லை’ என்று சொல்ல நல்ல துணிச்சல் வேண்டும்.

அந்தப் பெயருக்கு இருக்கிற மதிப்பு எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்து வைத்திரும். 1855 இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காகப் பொர்தோ தரகர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். ஒருவரும் உட்கார்ந்து சுவைத்துப் போட்ட பட்டியல் அல்ல அது. எந்த வீட்டு வைன் வருடாவருடம் என்ன விலைக்குப் போனது என்று பார்த்து வகுப்புப் பிரித்தார்கள். முதல் வகுப்பில் லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன். அந்த முதல் வகுப்பில் நடந்த ஒரே மாற்றம் 1973 இல் மூத்தோன் என்ற வீடு மேலே ஏறியது. மிச்சமெல்லாம் அன்றைய சந்தை விலைதான், இன்றைக்கும் எங்கள் வைன் அட்டைகளில் நிற்கிறது.

ஆனால் லத்தூரைப் பொறுத்தவரை அந்தத் தரகர்கள் பிழை விட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். தோட்டம் போயாக்கின் தெற்கு முனையில், சேன்-ஜுலியன் எல்லையை ஒட்டி, ஜிரோந்த் கழிமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள ‘லாங்க்லோ’ என்ற 47 ஹெக்டயர் காணியிலிருந்துதான் வீட்டின் முதல்தர வைனுக்குப் பழம் வருகிறது. மேலே கூழாங்கல், கீழே களிமண். பக்கத்தில் அவ்வளவு தண்ணீர் இருப்பதால் பனிக்குளிர் மற்றத் தோட்டங்களைக் கடிக்கிற அளவுக்கு இங்கே கடிப்பதில்லை. முக்கால் பங்கு அளவில் கபெர்னே சோவிஞோன் என்ற திராட்சை வகை. சின்னப் பழம், தடித்த தோல், அதனால் டனின் என்ற துவர்ப்புப் பொருள் கூட. இளமையில் குடித்தால் பல்முரசைப் பிடித்து இழுக்கும். தோட்டம் 1963 இல் இங்கிலாந்துக்காரர் கைக்கு வந்தது, அடுத்த வருடமே மரத் தொட்டிகளுக்குப் பதிலாக உருக்குத் தொட்டிகள் வந்தன. ஓ-ப்ரியோன் அதற்குக் கொஞ்சம் முந்தியே மாறியிருந்தது. 1970 பொர்தோவுக்கு அருமையான வருடம், விளைச்சலும் கூட, தரமும் கூட. அதற்கு முந்தின பத்து வருடத்தில் 63, 65, 68 என்று அழுகல் வருடங்களைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

இந்த வீடு தன் வைனின் பிடிவாதத்தைத் தெரிந்தே வைத்திருக்கிறது. பீப்பாயில் இருக்கும்போதே முன்கூட்டி விற்கும் பொர்தோ வழக்கத்திலிருந்து 2012 இல் விலகிக்கொண்டது. குடிக்கலாம் என்று தாங்கள் நினைக்கிற காலம் வரும்வரை தங்கள் நிலவறையில் வைத்திருந்து பிறகு விற்கிறார்கள். காசுக் கணக்கும் அதற்குள் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

சரி, அடுத்த மாதம் அதே பெட்டியிலிருந்து இன்னொரு போத்தல் திறக்கப் போவதாகச் சொன்னீர். அன்றைக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

திறப்பதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். போத்தலை இரண்டு நாள் நிமிர்த்தி வையும், மண்டி கீழே இறங்கட்டும். பிறகு வெளிச்சத்தில் மட்டத்தைப் பாரும். இந்த வயதில் மட்டம் கழுத்தின் அடியிலோ தோளின் மேல் விளிம்பிலோ நின்றால் சந்தோஷப்படலாம். தோளின் நடுவுக்கு வந்திருந்தால் சந்தேகம். அதற்கும் கீழே என்றால் காற்று உள்ளே போய் வேலையைத் தொடங்கியிருக்கும். மேலுறை ஒட்டுப் பிடித்திருக்கிறதா என்று விரலால் தடவும். ஒட்டினால் தக்கை கசிந்திருக்கிறது. திருகாணியை மட்டும் நம்பவேண்டாம். இரண்டு தகடு உள்ள திறப்பானைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஆட்டி ஆட்டி இறக்கித் திருகிக்கொண்டே மேலே எடும். ஐம்பது வருடத் தக்கை கேக் மாதிரி உதிரும்.

மெழுகுதிரியையோ கைத்தொலைபேசி விளக்கையோ போத்தல் கழுத்துக்குக் கீழே வைத்து, கை நடுங்காமல் ஒரே ஊற்றாகக் கராஃப் என்ற கண்ணாடிக் குடுவைக்கு மாற்றும். மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்தும். மிஞ்சுவது இரண்டு விரல் அளவு, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மண்டியைப் பிரிக்கத்தான் கராஃப். பழைய வைனை நாலு மணித்தியாலம் காற்றில் வைக்கச் சொல்லும் ஆட்களோடு எனக்கு ஒத்துவராது. கொஞ்சம்தான் உயிர் மிச்சமாக இருக்கிறது, அது போகிற போக்கை விருந்தினர் தங்கள் கிளாஸிலேயே பார்க்கட்டும்.

நிறத்தை வெள்ளைத் துணிக்கு மேல் கிளாஸைச் சரித்துப் பாரும். நடுவில் இன்னும் மாதுளைச் சிவப்பு இருக்க வேண்டும், விளிம்பில் செங்கல் நிறம் இருந்தால் குறையில்லை. முழுக்க மண்ணிறமாகி, நசுங்கிய அப்பிள் மணம் வந்தால் அது காற்றுப்பட்டுச் செத்த வைன். நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல வந்தால் காடியாகிக்கொண்டு போகிறது. குதிரை லாயம், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் மணம் வந்தால் ப்ரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. பழைய பொர்தோவில் அது பரவலாக இருந்தது, கொஞ்சமாக இருந்தால் அதையே விரும்புகிறவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை.

வாயில் வைத்ததும் நான் தேடுவது பழத்தை. முதிர்ந்த மணங்கள் எல்லாம் மேலே போட்ட அலங்காரம், அடியில் ப்ளாக்கரன்டோ காய்ந்த பிளம்மோ ஏதாவது ஒரு பழம் இனிப்பாக நிற்க வேண்டும். பழம் போய் டனின் மட்டும் மிஞ்சியிருந்தால் தேயிலைச் சாயம் குடித்தது போல முரசு வறளும். அது எந்தக் கோபுர வீட்டு வைனாக இருந்தாலும் முடிந்துபோன வைன்தான். பிறகு விழுங்கிவிட்டு மணிக்கூட்டைப் பாரும். வாயில் சுவை நிற்கிற நேரத்தைப் பிரான்சில் கொதாலியில் அளப்பார்கள், ஒரு கொதாலி ஒரு செக்கன். சாதாரண வைன் நாலைந்தில் போய்விடும். நான் ஒருமுறை குடித்த லத்தூர் 1970, போத்தல் நல்ல நிலையில் இருந்தது, இருபதைத் தாண்டியும் நாக்கின் நடுவில் அந்தக் காய்ந்த புகையிலையும் ஒரு இரும்புச் சுவையும் நின்றன. திறந்த உடனே அது ஒன்றுமே சொல்லவில்லை, முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகுதான் வாயைத் திறந்தது.

புள்ளிகளை அங்கே கொண்டுபோக வேண்டாம். அமெரிக்க வைன் விமர்சகர் ரொபர்ட் பார்க்கர் பரப்பிய நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு இளம் வைனை விற்க உதவும். பழைய போத்தலுக்கு யாரோ எங்கேயோ கொடுத்த புள்ளி வேறொரு போத்தலுக்குக் கொடுத்தது. அது வேறொரு நிலவறையில் கிடந்தது, அதன் தக்கையும் வேறு. ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த இரண்டு போத்தலே ஒன்று போல வருவதில்லை. அதனால்தான் உம்முடைய இரண்டாவது போத்தல் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

லேபலை நம்பிக் கெட்டவர்கள் பெரிய பெரிய ஆட்கள். 2008 இல் நியூயோர்க்கில் ஒரு ஏலத்துக்கு, பர்கண்டிப் பகுதியின் போன்சோ வீட்டு குளோ சேன்-தெனி என்ற தோட்டத்து வைன் வந்தது, போத்தல்களில் 1945 தொடக்கம் வருடங்கள். அந்த வீடு அந்தத் தோட்டத்தில் வைன் செய்யத் தொடங்கியதோ 1982 இல்! லொறோன் போன்சோ விமானம் ஏறி ஏல மண்டபத்துக்கே போய் நின்றார். சரக்கைக் கொடுத்த ரூடி குர்னியவானுக்குப் போலி வைன் விற்றதற்காக 2014 இல் 10 வருடச் சிறை கிடைத்தது. அதுவரை அவருடைய போத்தல்களைக் குடித்து உருகியவர்கள் எத்தனை பேர்! உங்கள் லத்தூர் அப்படி என்று நான் சொல்லவில்லை. யாரிடம் எப்போது வாங்கியது என்ற பற்றுச்சீட்டை மட்டும் கேட்டுப் பாரும்.

கடைசியாக, மேசையில் என்ன சொல்வது என்று கேட்டீர். நீர் அங்கே பரிமாற நிற்கிறீர், தீர்ப்புச் சொல்ல அல்ல. ஊற்றுவதற்கு முன் உமக்கென்று ஒரு விரல் அளவு எடுத்து மணந்து பாரும், அது உம்முடைய வேலை. ஈர அட்டை என்றால் தலைமைச் சொமலியேயை, அதாவது வைனுக்குப் பொறுப்பானவரை, தனியாகக் கூப்பிட்டு “ஒருக்கா நீங்களும் மணந்து பாருங்கோ” என்று கிளாஸை நீட்டும், விருந்தினர் காதில் விழவேண்டாம். அவரும் ‘ஆஹா’ என்றால் வாதாடாமல் அந்தக் கிளாஸை ஓரமாக வைத்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்பவும் நீட்டும். மட்டத்தைப் படம் எடுத்து அனுப்பும், தக்கையை எறியவேண்டாம். விலையைப் பற்றி யாராவது கதை தொடங்கினால் மெல்லக் குசினிப் பக்கம் போய்விடும்.

அன்புடன்,
அண்ணன்