வேகவரம்பு குறையும் இடத்தில்தான் சம்மன் காத்திருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாக வேனில் ஏற்றிச் செல்பவன் நான். வேகச் சம்மனிலிருந்து தப்புவதற்கு எங்கள் இளைஞர்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் பகிர்ந்துகொள்வதெல்லாம், இன்று கேமரா எங்கே நிற்கிறது என்ற செய்தியைத்தான். அதை நம்பி, கேமரா தெரிந்ததும் பிரேக்கை மிதித்து, தாண்டியதும் மீண்டும் பறக்கிற வாகனங்களுக்குப் பின்னால் பிள்ளைகளோடு வரும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

என் சொந்தக் காருக்கு இரண்டு முறை சம்மன் வந்திருக்கிறது. இரண்டுமே கூட்டரசுச் சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஊர் எல்லையில் வரம்பு 60 ஆகக் குறைவதைக் கவனிக்காமல் நுழைந்ததால் வந்தவை. வெகுநேரம் 90இல் ஓட்டி வந்த கண்ணுக்கு 75 கூட ஊர்ந்து போவது போலவே தெரியும் என்பதால், அந்த இடத்தில் கண்ணை நம்பாமல் வேகமானியைத்தான் பார்க்க வேண்டும். பலகையைக் கடந்தபின் வேகத்தைக் குறைப்பது பிந்திய செயல். பலகை தொலைவில் தெரியும்போதே எண்ணெய்ப் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டால், பிரேக் இல்லாமலே வண்டி தானாக இறங்கிவிடும். செம்பனை மட்டை சாய்ந்தோ லாலான் புல் வளர்ந்தோ பலகை மறைந்திருக்கும் சாலைகளும் உண்டு. ஆகவே, அன்றாடம் போகும் வழியில் வரம்பு எங்கெங்கே மாறுகிறது என்பதை ஒருமுறை நிதானமாக ஓட்டிப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. பெருநாள் காலங்களில் அறிவிக்கப்படும் நாள்களில் 90 என்பது 80 ஆகக் குறைக்கப்படுவதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ரிம்மையும் டயரையும் பெரிதாக மாற்றிக்கொள்ளும் தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டயரின் விட்டம் கூடினால், அதே வேகத்தை வேகமானி முன்பைவிடக் குறைத்துக் காட்டும். முள் 90இல் நிற்கும்போதே வரம்பைத் தாண்டியிருக்கக்கூடும்.

அவசரத்தில் மிச்சமாவதுதான் எவ்வளவு? இருபது கிலோமீட்டரை 90இல் கடக்க ஏறத்தாழ 13 நிமிடம் 20 வினாடி ஆகும். 110இல் போனாலும் இரண்டரை நிமிடம்கூட மிச்சமில்லை. ஆனால் 60இல் பிரேக் அடித்தால் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம், 90இல் இரண்டேகால் மடங்காகிறது. தோட்டத்து மண்சாலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பிள்ளையை முன்னால் உட்காரவைத்துத் திரும்பும் ஒரு தாய்க்கு, உயிர் தப்புவதும் தப்பாததும் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் எங்களைப் போன்றவர்களுக்கே உரியது. தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டு வெளியேறிய குடும்பங்கள் பலவற்றின் வாகனப் பதிவில் இன்னும் பழைய லயத்து முகவரியே இருக்கிறது. கேமரா பிடித்த அறிவிப்பு பதிவு பெற்ற உரிமையாளரின் முகவரிக்குப் போவதால், அது கைக்கு எட்டாமலே நாள் கடந்துவிடுகிறது. 2026 ஜனவரி 1 முதல், 15 நாள்களுக்குள் செலுத்தினால் பாதித் தொகை, 30 நாள்களுக்குள் மூன்றில் ஒரு பங்குக் கழிவு, 60 நாள்களுக்குப் பின் நீதிமன்றம் என்றாகிவிட்ட நிலையில், முன்புபோல் கழிவுக் காலம் வரட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. முகவரியைப் புதுப்பிப்பதோடு, மாதம் ஒருமுறை சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே, காவல்துறையின் மைபாயார் பிடிஆர்எம் ஆகிய இரண்டு செயலிகளிலும் சம்மன் உண்டா என்று பார்த்துக்கொள்ளுமாறு பெற்றோர்களிடம் நான் சொல்லி வருகிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பெருநாளுக்கும் முன்னதாக, வரம்பு 80 ஆகக் குறையும் நாள்களை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வெளியிடுங்கள். கைப்பேசி பார்க்கத் தெரியாத எங்கள் மூத்த ஓட்டுநர்கள் காலைத் தேநீரோடு தங்கள் நாளிதழைத்தான் படிக்கிறார்கள்.

இங்ஙனம்,
பள்ளி வேன் ஓட்டுநர்,
சுங்கை சிப்புட், பேராக்.