ஜரிகை வலது கைப்பக்கம்

கோத்தகிரி, அரவேணு, கட்டபெட்டு சுற்றுவட்டாரத்து உறவுகளுக்கும், குன்னூரிலிருந்தும் கோவையிலிருந்தும் கைகொடுத்த நண்பர்களுக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம் என் ரேடியோ ரிப்பேர் கடையை மறுபடி திறந்துவிட்டேன். அதே இடம், அதே பலகை. பின்சுவர் மட்டும் புதுசு. சிமென்ட் வாசனை இன்னும் போகவில்லை. சேறும் தண்ணீரும் கடைக்குள் புகுந்த அந்த ராத்திரியைப் பற்றி உங்களுக்கு நான் என்ன சொல்வது? விடிவதற்குள் மண்வெட்டியோடு வந்து நின்றவர்களே நீங்கள்தான். அதை விட்டுவிடுகிறேன். நன்றியை மட்டும் நெஞ்சு சூடாக இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சேறு அள்ளிய ஹட்டி (படகர் ஊர்) பையன்கள், மூன்று வேளையும் சோறு அனுப்பிய எதிர்வரிசைக் கடைக்காரர்கள், "பணம் அப்புறம் பாத்துக்கலாம், சாமான் முதல்ல போகட்டும்" என்று சென்னை ரிச்சி தெருவிலிருந்து கண்டென்சர் பார்சல் போட்டவர், அதைக் கோவையில் வாங்கி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக வைத்து மலையேற்றிக் கொண்டுவந்த கண்டக்டர், நனைந்த சர்க்யூட் தாள்களைத் துணிக்கொடியில் காயவைத்து ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக் கொடுத்த கல்லூரித் தம்பி, மின்காப்பை அளக்கும் மெக்கர் மீட்டரை ஒரு மாதம் என்னிடமே விட்டுவைத்த மோட்டார் காயில் கட்டும் அண்ணன், இவர்கள் யாருக்கும் கைமாறு செய்ய எனக்கு வழியில்லை.

தேயிலை ஃபேக்டரிக்காரரைத் தனியாகச் சொல்ல வேண்டும். இலை வரத்து குறைந்திருந்த இரண்டு நாள், இலை வாட்டும் தொட்டி ஒன்றை எனக்காக ஒதுக்கித் தந்தார். கம்பி வலை விரித்த நீளமான தொட்டி. அடியிலிருந்து ஃபேன் காற்றை மேலே தள்ளும். கழுவித் துடைத்த டிரான்ஸ்ஃபார்மர்களையும் சேஸிஸ்களையும் அந்த வலைமேல் வரிசையாக அடுக்கிவிட்டு நானும் அங்கேயே படுத்துக்கொண்டேன். ஈரம் குடித்த டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொதிக்கிற சூடு ஆகாது, விடாத காற்றுதான் வேண்டும். ஏற்றும்போது மெக்கரில் 500 வோல்ட் வைத்துப் பார்த்தால், காயிலுக்கும் கோருக்கும் நடுவில் அரை மெகா ஓம்கூட இல்லாதவை பல. மூன்றாம் நாள் காலையில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே 100 மெகா ஓமைத் தாண்டிவிட்டன. அங்கேயே நின்று அழுதேன். ஃபேக்டரி ஆட்கள் பேசாமல் டீ கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆனாலும் இந்த மடலை எழுதத் தூண்டியது வேறொரு காரியம். பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் சின்ன விஷயமாக நினைத்திருப்பீர்கள்.

என் கடையில் ரெசிஸ்டர் (கரண்டைக் கட்டுப்படுத்தும் சின்ன உருளை) போட்டுவைத்த சின்ன மர டிராயர்கள் எண்பது இருந்தன. குன்னூரில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வாத்தியார், கண் மங்கிய பிறகு என்னிடம் ஒப்படைத்தவை. ஒரு ரெசிஸ்டர் ஒன்றும் பெரிய விலை இல்லை. ஆனால் பழைய வால்வு செட்டுகளுக்கு வேண்டிய இரண்டு வாட், ஒரு வாட் அளவுகளை அவர் முப்பது நாற்பது வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்தார். அந்த எண்பதும் கவிழ்ந்து எல்லா மதிப்பும் ஒரே சேற்றுக் குவியலாகிக் கிடந்தன. அலசிக் கோணியில் பரப்பினோம். பார்த்தேன். ஒவ்வொன்றாகப் பிரிக்க உடம்பிலும் மனசிலும் தெம்பில்லை. கோணியோடு குப்பையில் கொட்டச் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுப் பாட்டி உள்ளே வந்தார். அவருடைய டிரான்சிஸ்டர் ரேடியோ, சம்பவத்துக்கு மூன்று வாரம் முன்பே ரிப்பேருக்கு வந்தது. அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, என்ன பதில் சொல்வது என்று தலைகுனிந்து நின்றேன். பாட்டி ரேடியோவைப் பற்றிப் பேசவே இல்லை. கோணிக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு ரெசிஸ்டரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதெல்லாம் என்னா தம்பி, கலர் கலரா கோடு?"

"அதுதான் பாட்டி அதோட நம்பர். இப்ப எல்லாம் கலந்துபோச்சு. கொட்டச் சொல்லிட்டேன்."

"கூடைல முத்தல் எல கலந்துட்டா கூடையோட கொட்டிருவாங்களா? ஒக்காந்து பொறுக்கத்தான வேணும். எனக்குச் சொல்லிக் குடுங்க."

பாட்டிக்கு எழுத்து படிக்கத் தெரியாது. இலங்கையில் மலையகத்துத் தோட்டத்தில் பிறந்து, 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். இங்கே அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் ஓய்வு பெறும்வரை கொழுந்து எடுத்தார். நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: தங்கக் கோடு வலது பக்கம் இருக்கும்படி பிடியுங்கள், இடது பக்கத்து முதல் இரண்டு கோட்டைப் பாருங்கள். பாட்டி அதைத் தன் பேச்சுக்கு மாற்றிக்கொண்டார். தங்கக் கோடு ஜரிகை ஆனது. பழுப்பு காப்பி, சிவப்பு குங்குமம், ஆரஞ்சு கனகாம்பரம், ஊதா கத்தரிப்பூ. "ஜரிகை வலது கைப்பக்கம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே பொறுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் வரும்போது வீட்டிலிருந்து இட்லித் தட்டு கொண்டுவந்தார். நாலு குழித் தட்டு மூன்று. மொத்தம் பன்னிரண்டு குழி. சாதாரணமாகப் புழங்கும் ரெசிஸ்டர்களில் முதல் இரண்டு கோட்டுக்கு வரும் எண்களும் பன்னிரண்டேதான்: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு இது தோன்றியதே இல்லை. பாட்டி கணக்குப் போட்டுக் கொண்டுவரவில்லை, கைக்கு அகப்பட்டதை எடுத்துவந்தார். ஒவ்வொரு நிறமும் ஒரு இலக்கம்: காப்பி - கருப்பு, அதாவது 10, முதல் குழியில் விழுந்தது, சாம்பல் - குங்குமம், அதாவது 82, பன்னிரண்டாவது குழியில். ஒரு குழி நிரம்பியதும் அதை மட்டும் மடியில் கொட்டி, எத்தனை சைபர் என்று சொல்லும் மூன்றாவது கோட்டைப் பார்த்து மறுபடி பிரிப்பார்.

அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஐம்பது வருஷம் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய விரல்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ரெசிஸ்டர் ஒரு தடவை உருளும், ஜரிகை வலப்பக்கம் திரும்பும், குழியில் விழும். கும்முட்டி அடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஐந்து நாள். சூட்டில் கருகிப்போன பழைய ரெசிஸ்டர்களில் குங்குமமா கனகாம்பரமா என்று எனக்கே பிடிபடாது. அப்படிப்பட்டவற்றை எந்தக் குழியிலும் போடாமல் தனியாக ஒரு டம்ளரில் போட்டுவைத்தார். "இது சந்தேகம். நீங்க மீட்டர வச்சிப் பாத்துக்குங்க." தெரியாததைத் தெரியாது என்று ஒதுக்கிவைக்கும் அந்தப் பக்குவம் வர எனக்குப் பத்து வருஷம் பிடித்தது. பழைய கார்பன் ரெசிஸ்டர்களில் ஈரம் ஏறி மதிப்பு கூடிப்போனவை நிறைய இருந்தன, அவற்றை மீட்டர்தான் கழித்தது. ஆனால் பாட்டி குழி மாற்றிப் போட்டது என்று ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

அந்த ஐந்து நாளும் அவர் எனக்கு ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். நான்காம் நாள் சால்டரிங் அயர்னைத் தேடி எடுத்து, முனையைச் சுத்தம் செய்து, ஈயம் பிடிக்கவைத்தேன். தொழிலை விட்டுவிடுவது என்று வீட்டில் சொல்லியிருந்தேன். விடாமல் இருக்கிறேன் என்றால் அது அந்த இட்லித் தட்டால்.

"பாட்டி, முதல்ல உங்க ரேடியோதான்" என்றேன். சம்மதிக்கவில்லை. "ஊருக்குள்ளத முடிங்க தம்பி, என்னுது கெடக்கட்டும்."

அதனால் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வேண்டிய ஹட்டிக் கோயில் ஆம்ப்ளிஃபயரைத்தான் முதலில் எடுத்தேன். நனைந்த செட்டை நேராகக் கரண்டில் செருகக் கூடாது. 100 வாட் குண்டு பல்பைச் சீரியலில் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தேன், பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து அப்படியே நின்றது. உள்ளே எங்கோ ஷார்ட். கழற்றிப் பார்த்தால், அவுட்புட்டில் இருந்த 2என்3055 டிரான்சிஸ்டர்களுக்கு அடியில் மைக்கா தகடு ஓரமாக மெல்லிசாக ஒரு வண்டல் கோடு. அந்த டிரான்சிஸ்டரின் உலோக உடம்பே கலெக்டர் என்ற மின்முனை. அது சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கைத் தொடாமல் காப்பது அந்த மைக்கா ஒன்றுதான். நாலு மைக்காவையும் எடுத்து ஆல்கஹாலில் துடைத்து, வெள்ளைப் பேஸ்ட் தடவி, திருகை முறுக்கி, ஒவ்வொன்றுக்கும் மீட்டர் வைத்து உறுதி செய்துகொண்டு மறுபடி கரண்ட் கொடுத்தேன். பல்பு ஒரு தரம் பளிச்சென்று மின்னி மங்கி அடங்கியது. கடையில் நின்றிருந்த எல்லாரும் கை தட்டினார்கள். பாட்டிக்கு எதற்குத் தட்டுகிறோம் என்று புரியவில்லை. "வெளிச்சம் கொறஞ்சா நல்லதா?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி, இந்த ஒரு இடத்தில் மட்டும் அப்படித்தான்.

அதன்பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட செட்டுகள். சிலதில் ஃபில்டர் கண்டென்சர், சிலதில் வால்யூம் கண்ட்ரோல், பலதில் பச்சை பூத்த கனெக்டர். உங்களுக்குத் தெரிந்த கதைதான், நீட்டவில்லை.

பாட்டியின் ரேடியோவை நேற்று ராத்திரிதான் முடித்தேன். அவர் வீட்டுக்காரர் தோட்டத்தில் வாங்கிய செட். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது கம்பளிக்குள் சுற்றி எடுத்துவந்தது. போட்டால் இரைச்சல் மட்டும் வந்தது, எந்த நிலையமும் பிடிக்கவில்லை. உள்ளே ஏ.எஃப்.117 டிரான்சிஸ்டர்கள். அந்த ரகத்துக்கு வயதானால் ஒரு நோய் வரும். மேலே மூடிய உலோகக் கேனுக்குள் முடியைவிட மெல்லிய தகர இழைகள் வளர்ந்து உறுப்புகளைத் தொட்டுவிடும். நாலு காலில் ஒன்று கேனோடு சேர்ந்த காப்புக் கால். பல நேரம் அதை மட்டும் வெட்டிவிட்டால் போதும், உயிர் வந்துவிடும். வெட்டினேன். அடுத்த கட்டத்தில் ஒரு ரெசிஸ்டரின் கால் அரித்து முறிந்திருந்தது. 47 கிலோ ஓம். மஞ்சள், கத்தரிப்பூ, கனகாம்பரம். பாட்டி பொறுக்கிவைத்த டிராயரைத் திறந்து ஒன்றை எடுத்துப் பற்றவைத்தேன். முள்ளைத் திருப்பினேன். முதலில் கோவை கேட்டது. ராத்திரியில் மீடியம் வேவ் தூரம் போகும் அல்லவா? இன்னும் மெதுவாகத் திருப்பத் திருப்ப, எங்கெங்கோ இருந்து மங்கலாகக் குரல்கள் வந்து வந்து போயின. விளக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் முன்னால் சில வாக்குகள் கொடுக்கிறேன். இனி எந்தச் செட்டும் என் கடையில் தரையில் இருக்காது, இடுப்புயரத்துக்கு இரும்பு ராக் அடித்தாகிவிட்டது. பெயர்ச் சீட்டைப் பேனாவில் எழுத மாட்டேன்; பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது. திறந்து பார்க்காமல் எந்தச் செட்டையும் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுப்பேன். முதல் பாடம் கலர் கோடு, பாட்டி சொன்ன பெயர்களிலேயே.

ஒரு உதவியும் கேட்கிறேன். சீட்டு அழிந்துபோனதால் ஐந்து செட்டுகள் யாருடையவை என்று தெரியவில்லை. ஐந்தும் வேலை செய்கின்றன. தேக்குப் பெட்டியில் ஒரு வால்வு ரேடியோ, மேல்பக்கம் மெழுகுவர்த்தி சுட்ட தழும்பு. கைப்பிடியில் சிவப்புக் கயிறு கட்டிய டேப் ரிக்கார்டர். வால்யூம் திருகுக்குப் பதில் சட்டைப் பொத்தான் ஒட்டிய ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். மற்ற இரண்டும் மைக் செட்காரர்களுடையதாக இருக்க வேண்டும். அடையாளம் சொல்லி எடுத்துப் போங்கள். கூலி கிடையாது.

கடை வழக்கம்போல் காலை பத்து மணிக்குத் திறக்கும். வருகிற சனிக்கிழமை மட்டும் மதியம் இரண்டுக்கு மேல்தான். அன்றைக்குக் காலையில் லைன் வீட்டுக்குப் போகிறேன். ரேடியோவைத் துடைத்துத் துணியில் சுற்றிவைத்திருக்கிறேன், புது பேட்டரி நாலும் வாங்கியாகிவிட்டது. இட்லித் தட்டையும் விளக்கி எடுத்துப் போகிறேன்.