வித்தவுட் வில்லங்கம்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். பதில் தாமதமானதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, தமிழில் திட்டு. "ஐ குட் டூ வித்தவுட் யுவர் லெட்டர்ஸ்" என்று உன் கடிதத்தை ஆங்கிலத்தில் முடித்திருக்கிறாயே! 'டூ வித்தவுட்' (do without) என்றால் ஒன்று இல்லாமலே சமாளிப்பது. கடிதம் வராவிட்டாலும் சமாளித்துக்கொள்வேன் என்று பெருந்தன்மையாகச் சொல்ல நினைத்திருப்பாய். படிக்கிறவனுக்கு, 'உன் கடிதத் தொல்லை இல்லாமல் இருந்தால் தேவலை' என்றல்லவா கேட்கிறது! 'ஐ குட் டூ வித்தவுட்' என்று ஆரம்பித்தாலே பெரும்பாலும் இந்த எரிச்சல் வந்து ஒட்டிக்கொள்ளும். சமாளிப்பேன் என்பதற்கு 'ஐ கேன் மேனேஜ் வித்தவுட்' போதும். 'ஐ குட் டூ வித் எ லெட்டர்' என்று எழுதியிருந்தால், ஒரு கடிதம் வந்தால் நன்றாயிருக்கும் என்று ஏக்கமாகவே இருந்திருக்கும். ஒரு 'அவுட்' செய்த வேலை!

நம்மவர்கள் வழுக்குவது இன்னோர் இடத்தில். 'கண்ணாடி இல்லாமல் முடியாது' என்ற நினைப்பில் 'வித்தவுட் கிளாசஸ் ஐ கான்ட்' என்று நிறுத்திவிடுவார்கள். ஆங்கிலக்காரன் 'என்ன முடியாது?' என்று காத்திருப்பான். 'ஐ கான்ட் டூ வித்தவுட் மை கிளாசஸ்' என்றால்தான் வாக்கியம் நிற்கும். அந்த 'டூ'வையும் 'வித்தவுட்'டையும் பிரிக்கவும் கூடாது. 'டூ வித்தவுட் இட்' சரி. 'டூ இட் வித்தவுட்' என்று நடுவில் செருகினால் அர்த்தமே போச்சு. எது இல்லை என்பது முன்பே தெரிந்திருந்தால் பின்னால் எதுவுமே வேண்டாம்: 'வீ வில் ஹாவ் டு டூ வித்தவுட்.' சொல்லும்போது 'அவுட்' மேல் அழுத்தம் விழ வேண்டும். வாத்தியார் இருந்தால் உன்னைப் பெஞ்சு மேல் ஏற்றி நூறு தடவை சொல்லவைத்திருப்பார்.

'கோ வித்தவுட்'டும் இதுதானே என்று கேட்டிருக்கிறாய். பல இடங்களில் மாற்றிப் போடலாம்தான். ஆனால் அதில் இல்லாமையின் கஷ்டம் தெரியும். இரண்டு நாள் தூக்கமில்லாமல் கிடந்தவன் 'வென்ட் வித்தவுட் ஸ்லீப்'. கார் பழுதானதால் பஸ்ஸில் போய் வந்தவன் 'டிட் வித்தவுட் தி கார்'; அவன் ஒப்பேற்றிவிட்டான். அரைகுறையாக ஏதோ ஒன்று கையில் இருந்து அதை வைத்து ஓட்டினால் 'மேக் டூ வித்'.

'டூ அவே வித்' பக்கம் மட்டும் விளையாட்டுக்குக்கூடப் போகாதே. ஒரு விதியைப் பற்றிச் சொன்னால் ஒழித்துக்கட்டுவது; ஆளைப் பற்றிச் சொன்னால் தீர்த்துக்கட்டுவது. உன் மேலாளருக்கு எழுதும் விடுப்புக் கடிதத்தில் 'யூ கேன் டூ வித்தவுட் மீ' என்றும் எழுதித் தொலைக்காதே. நீ இல்லாமலும் காரியம் நடக்கும் என்று நீயே எழுதிக் கொடுத்ததாகிவிடும். 'கேன் யூ மேனேஜ் வித்தவுட் மீ ஆன் ஃப்ரைடே?' என்று கேள்வியாகக் கேட்டுவிடு.

அண்ணியை விசாரித்ததாகச் சொல். குண்டு ரவி கிடைத்தானா?

உன்,
மணி