விடுமுறைப் பயணமும் ஞாயிறு ஆராதனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே திறக்கப்படுவதால், கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும் பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் அக்டோபர் கடைசி வாரத்தில் காலை 8 மணிக்கே கையும் கைப்பேசியுமாக உட்கார்ந்துவிடுகின்றன. 2026-இல் டிசம்பர் 25 வெள்ளிக்கிழமை. அடுத்து வரும் ஜனவரி 1-உம் வெள்ளிக்கிழமை. இரண்டு வாரமும் சேர்ந்தாற்போல மூன்று நாள் விடுமுறை கிடைப்பதால் பயணங்கள் இன்னும் பெருகும். இந்த நேரத்தில், நெடுநாளாக என் மனத்தை உறுத்திவரும் ஒன்றைச் சக கிறிஸ்தவக் குடும்பங்களின் முன் வைக்க விரும்புகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் பாதி இருக்கைகள் காலியாகவே இருக்கும். வாரக்கணக்கில் வீடு வீடாகச் சென்று கேரல் பாடிய பாடகர் குழுவில் அன்று ஐந்தாறு பேர்தான் நிற்பார்கள். ஊருக்குப் போனவர்கள் அங்குள்ள ஆலயத்தில் இருப்பார்கள் என்று எண்ணி ஆறுதல் அடைந்திருந்தேன். விசாரித்தபோதுதான், பலர் அந்தக் காலை நேரத்தில் உறவினர் வீட்டு விருந்திலோ கொடைக்கானலிலோ இருந்தது தெரிந்தது. ஊருக்குப் போவதை நான் குறைகூறவில்லை. பெற்றோரைப் பார்ப்பதும் தேவன் தந்த நன்மையே.

தேவன் வாக்கு மாறாதவர் என்ற அவருடைய உண்மையை நான் கற்றுக்கொண்ட இடம் கோலார் தங்கவயல். அங்கே சுரங்கங்கள் மூடப்பட்ட 2001 பிப்ரவரி 28, லெந்து என்னும் நோன்புக் காலம் தொடங்கும் சாம்பல் புதன்கிழமையாக இருந்தது. சுரங்கத் தொழிலாளியான என் தந்தை அதன்பின் விடியற்காலை ரயிலில் பெங்களூருவுக்கு வந்து, கிடைத்த கூலி வேலையைச் செய்துவிட்டு இரவில் வீடு திரும்பினார். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி இல்லை. அம்மா கல்கல் என்ற கிறிஸ்துமஸ் இனிப்பை ஒரு தட்டு மட்டும் பொரித்து, அதிலும் பாதியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். ஆனால் அதிகாலை ஆராதனையில் நாங்கள் ஐவரும் இருந்தோம். ஸ்தோத்திரக் காணிக்கை உறைக்குள் அப்பா பத்து ரூபாய்த் தாளை இரண்டாக மடித்து வைத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த ஞாயிறும் சென்றோம். இடிந்துபோன எருசலேமைக் கண்டு பாடப்பட்ட புலம்பலின் மூன்றாம் அதிகாரத்தை ஆயர் வாசித்தார். கர்த்தருடைய இரக்கங்கள் ‘காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது’ என்ற இடத்தில், நாள்தோறும் இருட்டிலேயே ரயிலுக்கு ஓடிய என் தந்தை கண்களைத் துடைத்துக்கொண்டார்.

யோசேப்பும் மரியாளும் பஸ்கா பண்டிகைக்காக ஆண்டுதோறும் எருசலேமுக்குச் சென்றார்கள் என்று லூக்கா எழுதுகிறார். ஆராதிப்பதற்காகவே அவர்கள் பயணம் செய்தார்கள். அப்படியிருந்தும், திரும்பி வரும்போது பன்னிரண்டு வயது இயேசு கூட்டத்தோடு வருகிறார் என்று நினைத்து, அவர் இல்லாமலேயே ஒருநாள் வழி நடந்துவிட்டார்கள். உறவினரும் அறிமுகமானவர்களும் சூழ்ந்திருந்த பயணத்தில் அவர்களுக்கே இப்படி நேர்ந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 31 இரவு எம்.ஜி. ரோடும் பிரிகேட் ரோடும் நிரம்பி வழியும். அன்று ஆலயத்துக்கு வருகிறவர்களிலும் சிலர், புத்தாண்டுக்கான வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை வாங்கிக்கொண்டு போவதோடு நின்றுவிடுகிறார்கள். புத்தாண்டை ஒட்டி நம்மைத் தேவனுக்கு மீண்டும் ஒப்புக்கொடுக்கும் ஆராதனையும் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தை நிறுவிய ஜான் வெஸ்லி 1755-இல் லண்டனில் தொடங்கிய இந்த உடன்படிக்கை ஆராதனை, 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்த மெதடிஸ்டுகள் வழியாக நமக்கு வந்தது. வாக்குத்தத்தம் தேவன் நமக்குத் தருவது. அதற்கு நாம் சொல்லும் மறுமொழியை அந்த ஆராதனையில்தான் வாய்திறந்து சொல்கிறோம்.

ஆகவே, பயணச்சீட்டு எடுக்கும்போதே, போகிற ஊரின் ஆராதனை நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செவிலியர், காவலர், பேருந்து ஓட்டுநர் போன்றோருக்கு 25-ஆம் தேதியே விடுப்புக் கிடைப்பதில்லை. அவர்களுக்காக அன்று மாலையிலும் ஓர் ஆராதனையை நம் ஆயர்கள் ஏற்பாடு செய்தால் பேருதவியாக இருக்கும்.

இம்முறை என் மனைவியின் ஊரான, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குச் செல்கிறோம். 27-ஆம் தேதி காலை பிள்ளைகளோடு அங்கே ஆராதனையில் கலந்துகொண்டு, மாலையில் தூத்துக்குடியிலிருந்து ரயில் ஏறுவதாக இருக்கிறோம். திங்கள் காலை ரயிலிலிருந்து இறங்கி நேராக வேலைக்குச் செல்ல வேண்டியிருக்கும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
லிங்கராஜபுரம், பெங்களூரு