என் கார் கொதிப்பது பற்றிய கடைசி முறைப்பாடு

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயரும் கார் இலக்கமும் உங்கள் கண்டி வேலைத்தளத்தின் நான்கு பில்களில் இருக்கின்றன, திரும்ப எழுதவில்லை. போனில் ஏழு தடவை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுத்து, "என்ன பிரச்சினை அங்கிள்?" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அதனால் இந்த முறை எழுத்தில்.

கார் 1991ஆம் வருடத்து ஜப்பான் கார். பழசுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து விற்றது நீங்கள். அதில் தண்ணீர் எப்படி ஓடும், காற்று எந்தப் பக்கம் போகும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான், பக்கத்திலேயே கராஜ் இருக்க, கொட்டகலையிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு உங்களிடம் வந்தேன்.

முதல் கோளாறு மிகச் சின்னது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. மோட்டாரை மாற்றினீர்கள், 18,500 ரூபாய். அன்று மாலையே திரும்பி வரும்போது, கினிகத்தேனை தாண்டிய ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஒரு லொறியின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது இன்ஜின் சூடு காட்டும் ஊசி மேலே ஏறியது. வட்டவளையில் நிறுத்திவிட்டேன். வட்டவளை மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மழையில் நனைந்துகொண்டே ஒரு கார் கொதித்தது. குடை பிடித்துக்கொண்டு போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. தெர்மோஸ்டாட்டும் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) ரேடியேட்டர் மூடியும், 7,900. வாட்டர் பம்பும் பெல்ட்டும், 27,400. புது ரேடியேட்டர், 64,000. கூலி மட்டும் 28,500. மோட்டாரோடு சேர்த்து 146,300 ரூபாய். ஒவ்வொரு முறையும் முற்றத்தில் அரை மணித்தியாலம் இன்ஜினை ஓடவிட்டு, கெலிஓயா வரை ஓட்டிப் பார்த்து, "ஊசி பாதிக்கு மேல போகல, சரி" என்று எழுதித் தந்தீர்கள். கெலிஓயா சமதரை ஐயா! ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும், ஃபேனுக்கு வேலையே இல்லை. மேட்டில் மெதுவாக ஏறும்போதுதான் கொதிக்கிறது என்று நான் சொன்னதைக் கேட்டு, ஒருவராவது கினிகத்தேனை வரை வந்து பார்த்தாரா?

உங்கள் கவுன்டரில் இருக்கும் அந்த இளைஞரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மூன்றாவது தடவை நான் வந்தபோது அவர் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடட்டும், பசி எல்லோருக்கும் உண்டு. ஆனால் என் முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தத் தோட்டத்து ஆளுங்க ஓடைத் தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டு நம்மகிட்ட கொண்டுவந்து தள்ளுறாங்க" என்றார். நான் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் டீ மேக்கராக இருந்தவன். சூடு என்றால் என்ன, காற்று என்றால் என்ன என்பது என் தொழில். ரேடியேட்டரில் கூலன்டைத் தவிர ஒரு சொட்டு வேறு எதுவும் நான் விட்டதில்லை. எண்ணெய் பட்ட விரலைத் துடைத்துக்கொண்டே அவர் என் பில்லில் கையெழுத்து வைத்தார். அந்தக் கறை இன்னும் இருக்கிறது, நகல் இணைத்திருக்கிறேன்.

மாற்றிய தெர்மோஸ்டாட்டை மட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்திருந்தார்கள். அதை வீட்டில் பால் சட்டியில் தண்ணீரோடு அடுப்பில் வைத்தேன். (சட்டிக்காக மனைவியிடம் வாங்கிய ஏச்சும் உங்கள் கணக்கில்தான்.) உள்ளே தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், 80 பாகை தாண்டியதும் வால்வு மெல்லத் திறக்க ஆரம்பித்தது. அதன் உடம்பில் பொறித்திருப்பது 82. எங்கள் உயரத்தில் தண்ணீர் 96 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். அதற்கு முன்பே அது முழுசாகத் திறந்துவிட்டது. அதாவது, நல்ல சாமானைக் கழற்றி எறிந்துவிட்டு எனக்குப் பில் போட்டிருக்கிறீர்கள்.

ரேடியேட்டர் வந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை காலையில் வாருங்கள் என்று போனில் சொன்னீர்களே, அந்தச் செவ்வாய் போயா தினம், பௌர்ணமி விடுமுறை. விடியற்காலை நான்கரைக்குக் கிளம்பி வந்து பூட்டிய கேட்டைப் பார்த்தேன். காலண்டரை நானும் பார்த்திருக்கலாம், சரி. ஆனால் தேதி கொடுத்தது உங்கள் ஆள். காவல்காரர்தான் பாவம் என்று ஒரு பிளேன்டீ கொடுத்தார். உங்கள் நிறுவனத்தில் நான் கண்ட ஒரே மனிதர் அவர். திரும்பிப் போகும் வழியில் வழக்கம்போல ரொசல்ல பக்கத்தில் கொதித்தது.

புது ரேடியேட்டரும் கேட்கவில்லை என்றதும் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்றீர்கள். மதிப்பீடு 185,000. எதை வைத்துச் சொன்னீர்கள்? ஆயிலில் தண்ணீர் கலந்து பால் தேநீர் நிறமாக மாறவில்லை. மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டால் குமிழி வரவில்லை. வெள்ளைப் புகை இல்லை. கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்த்ததாகப் பில்லில் ஒரு வரிகூட இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தலவாக்கலையில் வாகன மின்வேலை செய்யும் ஒரு வயரிங் பாஸிடம் காட்டினேன். அவர் ஸ்பேனர்கூட எடுக்கவில்லை. இன்ஜினைச் சூடாக்கி, ஃபேன் சுற்றத் தொடங்கியதும் பழைய பேப்பரில் ஒரு தாளைக் கிழித்து முன் கிரில்லில் ஒட்டிப் பிடித்துக் கையை எடுத்தார். அந்தத் தாள் கிரில்லோடு ஒட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை, பறந்துபோய் என் சட்டையில் ஒட்டியது. ஃபேன் காற்றை உள்ளே இழுக்காமல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. முதல் நாள் மோட்டார் மாற்றியபோதே பழைய பிளக்கை வெட்டி, இரண்டு வயரையும் மாற்றி இணைத்து, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றி மறைத்திருக்கிறார்கள். கார் மேட்டில் ஏறும்போது முன்னால் வரும் கொஞ்ச நஞ்சக் காற்றையும் ஃபேன் திருப்பி அனுப்பியிருக்கிறது. இரண்டு வயரையும் மாற்றிப் போட அவருக்குப் பத்து நிமிடம், எனக்கு 1,000 ரூபாய். அதற்குப் பிறகு இரண்டு தடவை வட்டவளை மேட்டை ஏறிவிட்டேன். ஊசி அசையவில்லை.

கொழுந்து வாட்டும் ஃபேனின் மோட்டாரைக் கம்பிச்சுருள் புதிதாகச் சுற்ற அனுப்பித் திரும்பப் பூட்டும்போது, வயர் மாறித் தலைகீழாகச் சுற்றியதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எனக்கே தோன்றாமல் போனது வெட்கம்தான். ஆனால் நான் ஓய்வுபெற்றவன், நீங்கள் அதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள்.

இதனால் மச்சான் மகளின் கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். என் ஓய்வூதியக் காசு மொத்தமும் கரைந்துவிட்டது. இரவில் ஊசி ஏறுவதுபோலக் கனவு வருகிறது. ஐந்து லட்சம் நட்டஈடு கேட்டாலும் தகும். கேட்கவில்லை. மோட்டாருக்கான 18,500 ரூபாயை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மீதி 127,800 ரூபாயையும் தயவுசெய்து திருப்பித் தாருங்கள். நியாயமாகப் பேசித் தீர்க்கலாம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். பதினான்கு நாளில் பதில் இல்லையென்றால் பில்களையும், வெட்டிய பிளக்கின் படத்தையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போவேன். அவர்களுடைய 1977 என்ற போன் இலக்கத்துக்கு ஏற்கெனவே ஒரு தடவை பேசிவிட்டேன், அங்கே உடனே எடுக்கிறார்கள்.

கழற்றிய பழைய வாட்டர் பம்பும் ரேடியேட்டரும் எனக்கு வேண்டும். வந்து எடுத்துக்கொள்கிறேன். எந்த நாள் என்று சொல்லுமுன் தயவுசெய்து காலண்டரைப் பாருங்கள்.

இப்படிக்கு,
கொட்டகலையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்